விசாரணைக்கு முந்தைய காலம்: இலங்கைப் பயங்கரவாதத் தடைச் சட்டமும் மாற்றுக் கருத்தும்

ஆய்வுச் சுருக்கம்

மூன்று ஆண்டுகளுக்கென்று 1979இல் இயற்றப்பட்ட இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டம் நாற்பது ஆண்டுகளைக் கடந்தும் நடைமுறையில் உள்ளது. ஆயுதக் குழுக்களை எதிர்கொள்வதற்கெனக் கூறப்பட்ட இச்சட்டம் இதழாளர், கவிஞர், வழக்கறிஞர், மாணவர் தலைவர் ஆகியோர் மீதும் பயன்படுத்தப்பட்டுள்ளது. இவ்வழக்குகளில் பெரும்பாலானவை தண்டனையில் முடியவில்லை. எனினும் அவை தம் நோக்கத்தில் தோற்றன என்று கூற இயலாது. குற்ற வரையறையின் அகலம், வாக்குமூலத்திற்கு அளிக்கப்பட்ட மதிப்பு, தடுப்புக் காவலின் நீளம் ஆகியவை ஒன்றிணைந்து, தீர்ப்புக்கு முந்தைய காலத்தையே தண்டனையாக மாற்றுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பயங்கரவாதத் தடைச் சட்டம், இலங்கை, தடுப்புக் காவல், வாக்குமூலம், கருத்துரிமை, நவரசம்.

முன்னுரை

தமிழில் ‘தீவிரவாதி’ என்னும் சொல்லுக்குத் தனி வரலாறு உண்டு. 1907ஆம் ஆண்டு சூரத் காங்கிரசில் ஏற்பட்ட பிளவைப் பேசும் பாடநூல்கள் திலகரையும் அவர் வழிநின்ற வ.உ.சிதம்பரனாரையும் தீவிரவாதிகள் என்றே குறிக்கின்றன. அங்கு அச்சொல் பழிச்சொல்லன்று. மிதவாதிகளுக்கு மறுதலையான ஓர் அரசியல் நிலைப்பாட்டின் பெயர். ஆயினும் 1908இல் வ.உ.சி.க்கு நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டபோது குற்றமாக எடுத்துக்காட்டப்பட்டவை மேடைப் பேச்சுகளும், சுப்பிரமணிய சிவாவுக்கு அவர் அளித்த ஆதரவுமே ஆகும். ஆளும் அரசுக்கு எதிரான கருத்தைத் ‘தீவிரம்’ என்று பெயரிட்டு, பின்னர் அப்பெயரைக் குற்றமாக்கும் முறை இருபத்தொன்றாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பன்று.

இன்று தமிழ்நாட்டு இதழ்கள் தீவிரவாதம், பயங்கரவாதம் என்னும் இரு சொற்களையும் ஏறத்தாழ ஒருபொருட் சொற்களாகவே கையாளுகின்றன. இலங்கைச் சட்டத்தமிழில் ‘பயங்கரவாதம்’ என்பதே வழங்குகிறது. ஆனால் அச்சொல்லைத் தலைப்பில் தாங்கிய சட்டம், அதன் பொருள் யாது என்று எவ்விடத்தும் வரையறுக்கவில்லை. இக்கட்டுரை எழுப்பும் வினாக்கள் அந்த இடைவெளியிலிருந்தே தொடங்குகின்றன.

இக்கட்டுரையில் இடம்பெறும் நீதிமன்றப் பெயர்கள் குறித்து ஒரு குறிப்பு தேவைப்படுகிறது. இலங்கை வழக்கில் ‘உயர் நீதிமன்றம்’ என்பது அந்நாட்டின் தலைமை நீதிமன்றத்தையும், ‘மேல் நீதிமன்றம்’ என்பது கடுங்குற்றங்களை விசாரிக்கும் நீதிமன்றத்தையும் சுட்டும். தமிழ்நாட்டு வாசகருக்கு மயக்கம் நேராதிருக்க, முன்னது இங்கு உச்ச நீதிமன்றம் என்றே குறிக்கப்படுகிறது.

‘தற்காலிகம்’ நிலைபெற்ற விதம்

1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தின் முழுப்பெயர் ‘பயங்கரவாதத் தடை (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம்’ என்பதாகும். ஐக்கிய இராச்சியம் 1974இல் இயற்றிய சட்டமும் இதே அடைமொழியைத் தாங்கியிருந்தது. இலங்கைச் சட்டத்தின் ஆயுள் மூன்று ஆண்டுகள் என்று அச்சட்டமே கூறியது. 1982இல் நிறைவேறிய 10ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அவ்வரம்பை நீக்கியது. ஏற்பாடுகள் நிலைபெற்றன, ‘தற்காலிக’ என்னும் சொல் மட்டும் தலைப்பில் எஞ்சியது.

இச்சட்டம் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையுடன் நிறைவேற்றப்பட்டது. இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி, நாடாளுமன்றம் நிறைவேற்றிச் சபாநாயகர் சான்றளித்த சட்டம் ஒன்றின் செல்லுபடியைப் பின்னர் எந்த நீதிமன்றமும் ஆராய இயலாது. அரசியலமைப்புக்கு முரணானது என்று கூறி இச்சட்டத்தையோ அதன் ஒரு பிரிவையோ நீக்கக் கோருவதற்கான வழி, சட்டம் பிறந்த நாளிலேயே அடைபட்டுவிட்டது. இந்தியாவில் தடா, பொடா ஆகிய சட்டங்கள் உச்ச நீதிமன்றத்தில் அரசியலமைப்பு அடிப்படையில் கேள்விக்குள்ளாக்கப்பட்டன. அவ்வழக்குகளில் அரசே பெரிதும் வென்றது எனினும், கேட்பதற்கு ஒரு மன்றம் இருந்தது. இலங்கையில் தனிமனிதர் ஒருவர் தமக்கு இழைக்கப்பட்ட உரிமை மீறலை எதிர்த்து வழக்கிடலாம். சட்டத்தை எதிர்த்து வழக்கிட இயலாது. கொள்கை அளவிலான எதிர்ப்பு ஒவ்வொரு முறையும் ஒரு தனி வழக்காகச் சுருங்கிப்போவதற்கு இதுவே காரணம்.

சட்டம் ஒரு வெற்றிடத்தில் பிறக்கவில்லை என்பதையும் கூற வேண்டும். அன்று வடக்கில் தமிழ் இளைஞரின் ஆயுதச் செயல்பாடுகள் தொடங்கியிருந்தன. பிற்காலத்தில் விடுதலைப் புலிகளின் தாக்குதல்கள், 1987-89 ஆண்டுகளின் மக்கள் விடுதலை முன்னணிக் கிளர்ச்சி, 2019 ஏப்ரல் 21இல் 250க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் என வன்முறையின் உண்மை மறுக்கத்தக்கதன்று. ஆனால் கொலை, வெடிபொருள், ஆயுதம், சதி ஆகிய அனைத்தும் ஏற்கெனவே தண்டனைச் சட்டக் கோவையிலும் பிற சட்டங்களிலும் குற்றங்களே. ஆகவே இச்சட்டம் புதிதாகச் சேர்த்தது எது என்பதே ஆராயத்தக்கது.

சொல் குற்றமாகும் இடம்

சட்டத்தின் 2(1) பிரிவு குற்றங்களை அடுக்குகிறது. ஆட்கடத்தல், கொலை முதலியவற்றுடன் அதன் (எச்) உட்பிரிவு வேறொரு வகைக் குற்றத்தையும் சேர்க்கிறது. பேசப்பட்ட அல்லது வாசிக்கப்படுவதற்கென எழுதப்பட்ட சொற்களாலோ, குறிகளாலோ, காட்சிகளாலோ வன்செயலை, அல்லது இன, மத இணக்கமின்மையை, அல்லது சமூகங்களுக்கிடையே பகையுணர்வை ஏற்படுத்துவதும் ஏற்படுத்தக் கருதுவதும் குற்றமாகும் என்பது அதன் சாரம். தண்டனை ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமலும் இருபது ஆண்டுகளுக்கு மேற்படாமலும் சிறை.

இவ்வுட்பிரிவில் ‘அல்லது’ என்னும் இடைச்சொல்லே பெரும்பணி ஆற்றுகிறது. வன்செயலைத் தூண்டுவதும் மனக்கசப்பை உண்டாக்குவதும் ஒரே தட்டில் வைக்கப்படுகின்றன. விளைவு நிகழ்ந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கருத்து இருந்தால் போதும். ஒரு சமூகம் துன்புறுகிறது என்று எழுதும் எவரும், அத்துன்பத்திற்குக் காரணமானவர் யார் என்றும் எழுத நேரும். அவ்வாறு எழுதிய கணத்தில் இவ்வுட்பிரிவின் எல்லைக்குள் அவர் வந்துவிடுகிறார். உள்ளே இருத்துவதா வெளியே விடுவதா என்பது வாசிப்பவர் கையில் உள்ளது. முதல் வாசகர் புலனாய்வு அதிகாரி.

இதழாளர் ஜே.எஸ்.திசைநாயகம் வழக்கு இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. ‘நோர்த் ஈஸ்டர்ன் மந்த்லி’ என்னும் ஆங்கில இதழில் 2006இல் அவர் எழுதிய இரு கட்டுரைகளின் பகுதிகள் குற்றப்பத்திரத்தில் இடம்பெற்றன. தமிழ் மக்களுக்கு அரசு பாதுகாப்பளிக்கவில்லை என்பது ஒன்றின் கருத்து. வாகரைப் பகுதிப் பொதுமக்கள் மீதான படை நடவடிக்கையின் விமரிசனம் மற்றொன்று. 2008 மார்ச் 7இல் அவர் கைதானார். அவ்வாண்டு ஆகஸ்டில்தான் குற்றச்சாட்டு முன்வைக்கப்பட்டது. கட்டுரைகளுக்கும் கைதுக்கும் இடையே ஓராண்டுக்கு மேல் கடந்திருந்தது. 2009 ஆகஸ்ட் 31இல் கொழும்பு மேல் நீதிமன்றம் அவருக்கு 20 ஆண்டுக் கடூழியச் சிறைத் தண்டனை விதித்தது. 2010 சனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் பிணை வழங்கியது. மே 3ஆம் நாள், உலகப் பத்திரிகைச் சுதந்திர தினத்தன்று, பொதுமன்னிப்பு அறிவிக்கப்பட்டது.

மன்னிப்பு என்பது குற்றமில்லை என்ற தீர்ப்பாகாது. அரசின் போர் நடவடிக்கையை விமரிசித்தல் 2(1)(எச்) உட்பிரிவின்கீழ் குற்றமாகுமா என்ற வினாவுக்கு மேல்முறையீட்டில் கிடைத்திருக்கக்கூடிய விடை கிடைக்காமலேயே போயிற்று. அடுத்துப் பேனா எடுப்பவருக்கு எஞ்சியது 20 ஆண்டு என்ற எண் மட்டுமே.

வாக்குமூலமும் அறியாத மொழியும்

பொதுவான சாட்சியச் சட்டத்தின்படி, காவல்துறை அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தை எதிரிக்கு எதிராகப் பயன்படுத்த இயலாது. குடியேற்றக் காலம் முதல் தெற்காசியச் சட்டங்களில் வேரூன்றிய காப்பு இது. காவல் நிலையத்தின் நான்கு சுவர்களுக்குள் நடப்பதை அறிந்தே அக்காப்பு வகுக்கப்பட்டது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு இதனைத் தலைகீழாக்கியது. உதவிக் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி முன்னிலையில் அளித்த வாக்குமூலம் சான்றாகும். அது ஏற்கத்தக்கதன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பு அளித்தவருடையது. திசைநாயகம் வழக்கிலும், அச்சுறுத்தலின்கீழ் பெறப்பட்டது என்று அவர் மறுத்த வாக்குமூலத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்றது.

இப்பிரிவின் இயக்கத்தை நல்லரத்தினம் சிங்கராசா வழக்கைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு இல்லை. 1993இல் மட்டக்களப்புப் பகுதியில் கைதான அவரது வாக்குமூலம் சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்டது. அவருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. பெருவிரல் அடையாளம் பெறப்பட்டது. 1995இல் 50 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாகக் குறைந்தது. வாக்குமூலம் வற்புறுத்திப் பெறப்பட்டது என்பதை எதிரியே மெய்ப்பிக்க வேண்டும் என்ற விதி நியாயமான விசாரணைக்கான உரிமையை மீறுகிறது என்று 2004இல் ஐ.நா. மனித உரிமைக் குழு முடிவு செய்தது. 2006இல் இலங்கை உச்ச நீதிமன்றம், அக்குழுவிடம் தனிமனிதர் முறையிட வழிசெய்யும் விருப்ப நெறிமுறையில் இலங்கை இணைந்ததே அரசியலமைப்புக்கு முரணானது என்று கூறி அவர் மனுவைத் தள்ளியது.

சிங்கராசா வழக்கு கருத்துரிமை வழக்கன்று. ஆயினும் மாற்றுக் கருத்தாளர் மீது இச்சட்டம் பாயும்போது அவர் எதை எண்ணி அஞ்சுகிறார் என்பதை அது உணர்த்துகிறது. தாம் எழுதியதற்கு ஒருவர் பொறுப்பேற்கலாம். தாம் வாசிக்க இயலாத மொழியில், தம் பெயரில், பிறர் எழுதியதற்கும் பொறுப்பேற்க நேரலாம் என்னும் நிலை வேறானது.

ஒரு கவிதை நூலின் வழக்கு

தமிழியல் ஆய்வாளரின் கவனத்திற்கு உரியதாகத் தனித்து நிற்பது மன்னார் மாவட்டக் கவிஞர் அஹ்னாப் ஜசீமின் வழக்கு. அவரது ‘நவரசம்’ என்னும் தமிழ்க் கவிதைத் தொகுப்பு 2017இல் வெளிவந்தது. உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பிந்தைய விசாரணைகளின் தொடர்ச்சியாக 2020 மே மாதம் அவர் கைது செய்யப்பட்டார். அவரது நூல் தீவிரப் போக்கைப் பரப்புகிறது என்பது அப்போது அவர்மீது கூறப்பட்ட குற்றங்களுள் முதன்மையானது. நூலைத் தமிழில் வாசித்தோரும் அதன் மொழிபெயர்ப்புகளைக் கண்ட மனித உரிமை அமைப்புகளும் நேர்மாறான செய்தியைச் சுட்டிக்காட்டினர். வன்முறையையும், குறிப்பாக ஐ.எஸ். அமைப்பின் வழியையும் கண்டிக்கும் கவிதைகள் அதில் உள்ளன.

அகப்பாடல்களைக் ‘கூற்று’ அடிப்படையில் வாசிப்பது தமிழ் மரபு. தலைவி கூற்று, தோழி கூற்று என்று பகுக்கும்போதே, பேசும் குரல் புலவருடையதன்று என்னும் அடிப்படை நிறுவப்படுகிறது. நவரசம் என்னும் தலைப்பும் சுவைகளின் பன்மையைக் குறிப்பதே. சினமும் அச்சமும் வீரமும் அங்கு எழுதப்பட வேண்டியவை. புலனாய்வு வாசிப்பில் கூற்று என்ற வகைமைக்கு இடமில்லை. போர் என்ற சொல் வந்தால் போருக்கு அழைப்பு. குருதி என்ற சொல் வந்தால் குருதிக்கு விருப்பம். உவமையை விலக்கிச் சொல்லை மட்டும் எடுக்கும் இவ்வாசிப்பை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. முன் சுட்டிய உட்பிரிவு அத்தகைய வாசிப்பையே அழைக்கிறது.

அவர் ஏறத்தாழ 19 மாதங்கள் காவலில் இருந்தபின் 2021 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் பிணை வழங்கியது. 2023 டிசம்பரில் அதே நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. கைதிலிருந்து விடுதலைத் தீர்ப்பு வரை மூன்றரை ஆண்டுகள்.

காலம் தண்டனையாதல்

9ஆம் பிரிவின்படி, ஒருவரைத் தடுத்துவைக்கும் ஆணையை அமைச்சர் பிறப்பிக்கிறார். ஒருமுறைக்கு மூன்று மாதம். நீட்டித்து மொத்தம் 18 மாதம் வரை. அவ்வாணை இறுதியானது, எந்த நீதிமன்றத்திலும் வினவத்தக்கதன்று என்று 10ஆம் பிரிவு கூறியது. அதன்பின் குற்றச்சாட்டு முன்வைக்கப்பட்டால், விசாரணை முடியும்வரை விளக்கமறியல். 2022ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் திருத்தம் 18 மாதத்தை 12 ஆகக் குறைத்தது. நீதிமன்றத்தை அணுகவும் வழிவிட்டது. 16ஆம் பிரிவைத் தொடவில்லை.

இப்பின்னணியில் சில கால அளவுகளை அருகருகே வைத்துக் காண்பது பயன்தரும். திசைநாயகம் கைதிலிருந்து பிணை வரை 22 மாதங்கள். வழக்கறிஞர் ஹிஜாஸ் ஹிஸ்புல்லா 2020 ஏப்ரலில் கைதாகி 2022 பிப்ரவரியில் பிணை பெறும்வரை ஏறத்தாழ 22 மாதங்கள். குண்டுவெடிப்புடன் தொடர்பு என்று தொடங்கிய அவர்மீதான குற்றச்சாட்டு, நீதிமன்றத்திற்கு வந்தபோது மாணவரிடையே பேசிய சொற்களாகச் சுருங்கியிருந்தது. அஹ்னாப் ஜசீம் 19 மாதங்கள். வழக்குகள் வேறு, ஆண்டுகள் வேறு, ஆட்சிகளும் வேறு. காலம் மட்டும் ஒன்றையொன்று ஒத்திருக்கிறது. அமைச்சரின் ஆணையில் தொடங்கி நீதிமன்றம் பிணை வழங்கும்வரை நீளும் இவ்விடைவெளியில் குற்றம் மெய்ப்பிக்கப்பட வேண்டிய தேவை எழுவதில்லை.

பாக் நீரிணையின் மறுகரையிலும் இதற்கு இணை உண்டு. 2002 சூன் மாதம் திருமங்கலத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசியதற்காக வைகோ பொடா சட்டத்தின்கீழ் சூலையில் கைதானார். பயங்கரவாதச் செயலுக்கு ஊக்கமளிக்கும் நோக்கம் இல்லாத வெறும் தார்மீக ஆதரவு பொடாவின் 21ஆம் பிரிவின்கீழ் குற்றமாகாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2003 டிசம்பரில் விளக்கியது. அவர் பிணையில் வெளிவந்தது 2004 பிப்ரவரியில். சட்டத்தின் பொருளை நீதிமன்றம் சரியாகக் கூறியபோது அவர் ஓராண்டுக்கு மேல் வேலூர்ச் சிறையில் இருந்துவிட்டார். பொடா 2004இல் நீக்கப்பட்டது.

எல்லை விரியும் முறை

தமிழர் மீது தொடங்கிய சட்டம் தமிழரோடு நிற்கவில்லை. 1980களின் இறுதியில் சிங்கள இளைஞர் மீதும், 2019க்குப் பின் முஸ்லிம்கள் மீதும் அது பயன்பட்டது. 2021 மார்ச்சில் இச்சட்டத்தின்கீழ் வெளியிடப்பட்ட ஒழுங்குவிதிகள் ‘வன்முறைமிக்க தீவிர மதக் கருத்தியலைக்’ கொண்டிருப்போரை விசாரணையின்றி ஓராண்டு புனர்வாழ்வுக்கு அனுப்ப வழிசெய்தன. செயலிலிருந்து சொல்லுக்கு வந்த சட்டம், இங்குச் சொல்லிலிருந்து எண்ணத்திற்கு வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இவ்விதிகளை இடைக்காலமாக நிறுத்தியது.

2022இன் பொருளாதாரச் சரிவும் மக்கள் எழுச்சியும் ஆட்சியை மாற்றின. அன்றைய புதிய குடியரசுத் தலைவர் ரணில் விக்கிரமசிங்கவே பாதுகாப்பு அமைச்சராகவும் இருந்தார். ஆகஸ்ட் 18இல் கைதான அனைத்துப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்தின் அமைப்பாளர் வசந்த முதலிகேவையும் வேறிருவரையும் தடுத்துவைக்கும் ஆணை அவ்வதிகாரத்தின் வழியே பிறந்தது. அவர்கள் செய்தது ஊர்வலம். 2023 சனவரி 31இல் கொழும்புத் தலைமை நீதவான், சட்டம் தவறாகப் பயன்படுத்தப்பட்டது என்று கூறிப் பயங்கரவாதக் குற்றச்சாட்டிலிருந்து முதலிகேவை விடுவித்தார். ஐந்தரை மாதங்கள் கடந்திருந்தன. காலிமுகத்திடலின் எழுச்சி அதற்குள் அடங்கியிருந்தது. சிங்கள மாணவர் தலைவர் ஒருவருக்கு இது நேர்ந்தபோது, தெற்கில் இச்சட்டம் பற்றிய பேச்சு முன்னிலும் உரத்து எழுந்தது. வடகிழக்கில் பல்லாண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்ததே அப்பேச்சின் உள்ளடக்கம். அதே 2023 நவம்பரில் மட்டக்களப்பில் மாவீரர் நாள் நினைவேந்தலை ஒட்டிப் பலர் இச்சட்டத்தின்கீழ் கைதானபோது அக்குரல் அவ்வளவு உரத்துக் கேட்கவில்லை.

நீக்கமும் மாற்றீடும்

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை தொடர்வதற்கான பேச்சுகளில் இச்சட்டத்தின் சீர்திருத்தம் மீண்டும் மீண்டும் இடம்பெற்றது. 2018இலும் 2023இலும் மாற்று மசோதாக்கள் வெளிவந்தன. 2023 மார்ச்சில் அரசிதழில் வந்த பயங்கரவாத எதிர்ப்பு மசோதாவின் முதல் வடிவம், தடுத்துவைக்கும் ஆணையை அமைச்சரிடமிருந்து எடுத்துப் பிரதிக் காவல்துறை மாஅதிபரிடம் தந்தது. அமைச்சரின் அதிகாரத்தைக் குறைக்கக் கோரியவர்களுக்குக் கிடைத்த விடை, அதே அதிகாரத்தைக் காவல்துறைக்கு இறக்குவது. எதிர்ப்பின் பின் மசோதா திருத்தப்பட்டது.

2024 தேர்தல்களில் வென்ற தேசிய மக்கள் சக்தி, சட்டத்தை நீக்குவதாகத் தன் கொள்கை அறிக்கையில் உறுதியளித்திருந்தது. அக்கூட்டணியின் மையமான மக்கள் விடுதலை முன்னணியே ஒருகாலத்தில் இச்சட்டத்தின் இலக்காக இருந்தது. 2025 மார்ச்சில், இஸ்ரேலுக்கு எதிரான ஒட்டுவில்லையை ஒட்டியதாகக் கூறப்பட்டு 22 வயது இளைஞர் ஒருவர் இச்சட்டத்தின்கீழ் தடுத்துவைக்கப்பட்டார், ஏப்ரலில் விடுவிக்கப்பட்டார். இனி வரும் எந்த மாற்று மசோதாவிலும் தலைப்பையும் முன்னுரையையும்விட முதலில் வாசிக்கப்பட வேண்டியவை மூன்று இடங்கள்: சொற்களைக் குற்றமாக்கும் உட்பிரிவில் ‘அல்லது’ எங்கே நிற்கிறது, காவல்துறையிடம் அளித்த வாக்குமூலம் சான்றாகிறதா, தடுத்துவைக்கப்பட்டவர் நீதவான் முன் நிற்க எத்தனை நாள் ஆகும்.